பரணில் கிடைத்த வெளிவராத கேம்: யாரிடம் கொடுப்பது?

வீட்டைக் காலி செய்யும்போதுதான் இந்தப் பெட்டிகள் கீழே இறங்கும். பழைய ஜாய்ஸ்டிக் ஒன்று, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய ஃப்ளாப்பிகள், உறையில்லாத நாலு கேசட். ஒன்றின் மேல் பேனாவால் ‘ஃபைனல்’ என்று எழுதியிருக்கும். இன்னொன்றின் மேல் ‘ஃபைனல் 2’. 1980களில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஹோம் கம்ப்யூட்டர்களுக்குக் கேம் எழுதியவர்கள் அப்போது பெரும்பாலும் பையன்கள். இன்று அவர்களுக்கு அறுபது வயது நெருங்குகிறது, பலர் தாண்டியும் விட்டார்கள். எழுதி முடித்தும் கடைக்கு வராமல் போன கேம், பாதியில் கம்பெனி மூடியதால் நின்ற கேம், விளம்பரம் மட்டும் வந்த கேம் எல்லாம் அந்தப் பெட்டிகளில்தான் கிடக்கின்றன.

வெளிவந்த கேம்களின் நிலையே ஒன்றும் பெருமைப்படும்படி இல்லை. அமெரிக்காவில் இயங்கும் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அங்கே வந்த கேம்களில் 87 சதவீதம் இன்று விலை கொடுத்து வாங்கக் கிடைப்பதில்லை. எண்பதுகளின் ஹோம் கம்ப்யூட்டரான கமடோர் 64இன் கேம்களில் கிடைப்பது வெறும் 4.5 சதவீதம். ஆனால் அவற்றுக்கெல்லாம் ஆயிரக்கணக்கில் கேசட்டும் டிஸ்க்கும் விற்றிருக்கின்றன, யாரோ ஒருவர் அலமாரியில் ஒன்றாவது இருக்கும். வெளிவராத கேம் அந்தக் கணக்கிலேயே சேராது. அதற்கு உலகத்தில் ஒரே ஒரு டிஸ்க் இருக்கலாம், அது இந்தப் பெட்டியில் இருக்கலாம்.

சரி, பெட்டி உங்கள் கையில். என்ன செய்யலாம்? இணையத்தில் ஏற்றிவிடலாம். அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாம். உரிமை வைத்திருக்கும் கம்பெனியைக் கேட்டு முறைப்படி வெளியிட வைக்கலாம். விற்கலாம். மறுபடி பரணிலேயே போடுவதும் ஒரு வழிதான், பெரும்பாலோர் அதைத்தான் செய்கிறார்கள். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வழிகளில் எது நல்லது என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, எந்த வேலையை முதலில் செய்வது என்பதுதான் பெரிய விஷயம். வரிசை தப்பினால் நல்ல வழியும் கெட்டுப்போகும்.

முதலில் பரணையே எடுத்துக்கொள்வோம். சும்மா வைத்திருந்தால் யாருக்கும் தொல்லையில்லை, வழக்கு வராது, செலவும் இல்லை. ஆனால் காந்த நாடா காத்திருக்காது. எங்கள் வீடு கடலோரம். கல்லூரிக் காலத்து ஃப்ளாப்பி ஒன்றைப் பல வருடம் கழித்து எடுத்து, வட்டில் வெள்ளைப் பூஞ்சை படிந்திருந்ததைக் கவனிக்காமல் டிரைவில் சொருகினேன். கீச்சென்று ஒரு சத்தம். வெளியே எடுத்துப் பார்த்தால் வட்டின் மேல் சுரண்டி எடுத்தாற்போல் ஒரு வளையம். அதிலிருந்த என் கட்டுரைகள் போனால் யாருக்கும் நஷ்டமில்லை. அதுவே ஒரே பிரதியாக இருந்த கேம் என்றால்? அதனால் பழைய டிஸ்க் கிடைத்ததும் ‘ஓடுதா பார்க்கலாம்’ என்று டிரைவில் போட்டுப் பார்ப்பதுதான் நான் முதலில் தடுக்கும் காரியம். கதவுத் தகட்டை நகர்த்தி, வெளிச்சத்தில் வட்டைப் பாருங்கள். புள்ளியோ பொடியோ தெரிந்தால் தெரிந்தவர் கையில் சுத்தம் செய்யக் கொடுங்கள்.

கேசட்டைப் பற்றி நம் ஊரில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நாடா வெளியே வந்தால் பென்சிலைச் சொருகிச் சுற்றியவர்கள் நாம். முதுகுப் பக்கத்து இரண்டு பிளாஸ்டிக் நாக்குகளை உடைத்துவிட்டால் மேலே பதிவு விழாது, செலோ டேப் ஒட்டினால் மறுபடி விழும் என்பதும் தெரியும். அந்த அறிவு இங்கே அப்படியே உதவும். பரண் கேசட்டில் நாக்கு இருந்தால் முதல் வேலை அதை உடைப்பது.

1982இல் வந்த பிரிட்டிஷ் ஹோம் கம்ப்யூட்டரான இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் தன் கேம்களைச் சாதாரணப் பாட்டு கேசட்டிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். முதலில் கீ... என்று ஒரே சுருதியில் ஒரு நீண்ட ஒலி, திரையின் ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமும் கோடு கோடாக ஓடும். அப்புறம் கரகரவென்று தரவு, கோடுகள் நீலமும் மஞ்சளுமாக மாறும். 48 கேபி முழுக்க ஏற ஏறத்தாழ ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தைக் கம்ப்யூட்டரில் சுருக்காத வேவ் கோப்பாகப் பதிந்தால், ஒற்றை டிராக்கில் சுமார் 26 எம்பி வரும். 48 கேபி கேமுக்கு 26 எம்பியா என்று தோன்றும். அதை எம்பி3 ஆக்கிவிடாதீர்கள். காதுக்குத் தேவையில்லாததை வெட்டுவதுதான் எம்பி3இன் வேலை, இங்கே கேட்கப்போவது காது இல்லை.

இன்னொரு சின்ன விஷயம். டேப் ரெக்கார்டரில் ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும், ஹெட்டின் சாய்வைத் திருத்துவதற்கு. முப்பது வருடத்துக்கு முன் வேறொரு ரெக்கார்டரில் பதிந்த நாடா உங்கள் ரெக்கார்டரில் மங்கலாகக் கேட்டால், நாடா கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாமல் அந்த ஸ்க்ரூவை மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஒரு கட்டத்தில் ஒலி பளிச்சென்று கூர்மையாகும். ஆனால் கைபழக அந்தக் கேசட்டையே பயன்படுத்த வேண்டாம், மதிப்பில்லாத வேறு கேசட்டில் பழகுங்கள்.

ஃப்ளாப்பிக்கு வேறு கருவி. கிரையோஃப்ளக்ஸ், கிரீஸ்வீசல் போன்ற சிறு பலகைகள் ஒரு சாதாரண ஃப்ளாப்பி டிரைவைக் கம்ப்யூட்டரோடு இணைக்கின்றன. கமடோர் 64இன் டிஸ்க்கில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 170 கேபி. அந்த 170 கேபி கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் போதாதா என்று கேட்கலாம். இந்தப் பலகைகள் எடுப்பது அதற்கு ஒரு படி கீழே உள்ளதை. காந்தத்தின் திசை எந்தெந்த நொடித்துகளில் மாறுகிறது என்பதையே சுற்றுச் சுற்றாகப் பதிகின்றன. ஒரு சுற்றில் படிக்க முடியாத செக்டார், அதாவது வட்டின் ஒரு துண்டு, இன்னொரு சுற்றில் கிடைக்கலாம். இன்றைய மென்பொருளால் பிரித்தறிய முடியாததை நாளை வருபவர் பிரித்தறியலாம். அதோடு, எண்பதுகளின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் புரோகிராமர்கள் பலர் கேமை அந்தந்த மெஷினிலேயே எழுதவில்லை. பி.டி.எஸ். போன்ற அமைப்பில் வேறொரு கம்ப்யூட்டரில் எழுதி, கேபிள் வழியாக ஸ்பெக்ட்ரமுக்கோ கமடோருக்கோ அனுப்பினார்கள். அதனால் உறையில் கமடோர் என்று எழுதியிருக்கும் டிஸ்க் கமடோரில் படிக்காது. காலி டிஸ்க் என்று நினைத்துத் தூக்கிப் போடுவது இந்த இடத்தில்தான்.

பரண் பெட்டி பலன் தந்த கதைக்கு ஜோர்டன் மெக்னர் நல்ல உதாரணம். அவர் எழுதிய பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா 1989இல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு வந்தது. அதன் சோர்ஸ் கோட், அதாவது அவர் கையால் எழுதிய மூல நிரல், தொலைந்துவிட்டது என்று அவரே நம்பியிருந்தார். 2012இல் அவருடைய அப்பா வீட்டில் ஒரு பெட்டியில் அந்த டிஸ்க்குகள் கிடைத்தன. மெக்னர் தானே டிரைவில் போட்டுப் பார்க்கவில்லை. இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணையக் காப்பகத்தைச் சேர்ந்த ஜேசன் ஸ்காட் உள்ளிட்ட விஷயம் தெரிந்தவர்களை வரவழைத்தார், அவர்கள் அவர் வீட்டிலேயே உட்கார்ந்து படித்தெடுத்தார்கள். இது வெளிவந்த கேம்தான், இருந்தாலும் அந்தப் பொறுமையைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

நகல் எடுத்தாயிற்று, இரண்டு மூன்று இடத்தில் வைத்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். இப்போதுதான் உண்மையான தேர்வு.

இணையத்தில் ஏற்றுவது எளிது, வேகமானது, ஆயிரம் பேர் கைக்குப் போய்விட்டால் அப்புறம் அழியவும் அழியாது. இதற்கு எனக்குப் பிடித்த கதை சிம்ரிஃபைனரி. சிம்சிட்டி எடுத்த மாக்சிஸ் கம்பெனியின் ஒரு கிளை 1992இல் செவ்ரான் எண்ணெய்க் கம்பெனிக்காகச் செய்தது. கலிஃபோர்னியாவின் ரிச்மண்ட் சுத்திகரிப்பு ஆலையில் ஒரு பகுதியில் கை வைத்தால் இன்னொரு பகுதியில் என்ன ஆகும் என்று ஊழியர்களுக்குப் புரியவைப்பது நோக்கம். கடைக்கு வரவேயில்லை, பல வருடம் வெறும் வதந்தி மாதிரிதான் இருந்தது. 2020 மே மாதம் ஃபில் சால்வடார் என்ற ஆய்வாளர் அதன் வரலாற்றை நீளமாக எழுதினார். அது ஆர்ஸ் டெக்னிகா என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்தில் செய்தியானது. படித்த வாசகர் ஒருவர், ஓய்வுபெற்ற கெமிக்கல் இன்ஜினியரான தன் நண்பரிடம் அந்த டிஸ்க் இருக்கிறது என்றார். ஜூன் மாதத் தொடக்கத்தில் அது இன்டர்நெட் ஆர்கைவில் இருந்தது, பிரவுசரிலேயே திறந்து பார்க்கலாம். முடிவடையாத வடிவம்தான், ஆனால் அத்தனை வருடம் கிடைக்காதது ஒரு மாதத்துக்குள் கிடைத்தது.

இந்தக் கதையில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. டிஸ்க் முதலில் வரவில்லை, எழுத்துதான் முதலில் வந்தது. இன்ன பொருள் தேடப்படுகிறது என்று ஒருவர் விரிவாக எழுதி வைத்ததால்தான் அதை வைத்திருந்தவருக்குத் தன்னிடம் இருப்பதன் அருமை தெரிந்தது.

அதே வழியின் மறுபக்கம் இன்ஃபோகாம். எழுத்தாலேயே ஆடும் சாகசக் கேம்களுக்குப் பேர்போன அமெரிக்கக் கம்பெனி, 1989இல் மூடப்பட்டது. அதன் அலுவலகப் பொது டிஸ்க்கின் காப்பு ஒன்று பின்னால் ஆண்டி பாயோ என்பவர் கைக்கு வந்தது. 2008இல் அவர் அதிலிருந்து, இன்ஃபோகாமின் ஹிட்ச்ஹைக்கர்ஸ் என்ற கேமுக்குத் திட்டமிட்டு நின்றுபோன ‘மில்லிவேஸ்’ என்ற தொடர்ச்சியின் கதையை வெளியிட்டார். ஆர்வலர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் அதில் ஊழியர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய அலுவலக மெயில்களும் இருந்தன, எழுதியவர்களைக் கேட்காமலே. சம்பந்தப்பட்டவர்கள் சிலர் அதைப் படித்துவிட்டு வருத்தப்பட்டார்கள். இருபது வருடத்துக்கு முன் சக ஊழியரைப் பற்றி எரிச்சலில் எழுதிய வரியை உலகமே படித்தால் யாருக்குத்தான் சங்கடமாக இருக்காது? 2019இல் ஜேசன் ஸ்காட் இன்ஃபோகாம் கேம்களின் சோர்ஸ் கோட்டைப் பொதுவில் வைத்தபோது, முடிவடையாத மில்லிவேஸும் அதில் இருந்தது. கேம் இருந்தது, மெயில் சண்டை இல்லாமல். அந்த வேறுபாடு போதும்.

உங்கள் பெட்டியிலும் இதே சிக்கல் இருக்கும். வேலை செய்பவரின் டிஸ்க்கில் கேம் மட்டும் இருக்காது. வேலைக்கு விண்ணப்பித்த கடிதம், சம்பளப் பாக்கி கேட்ட கடிதம், யாருடைய முகவரியோ, எல்லாம் இருக்கும். அழித்த கோப்புகூட அதே இடத்தில் வேறொன்று எழுதப்படாதவரை காந்தத்தில் அப்படியே கிடக்கும். முழு நகல் உங்களிடம் இருக்கட்டும். வெளியே போவது, திறந்து பார்த்து வடிகட்டியதாக இருக்கட்டும்.

பதிப்புரிமைக்காரர் உயிரோடு, பலத்தோடு இருக்கும்போது இணையம் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு வார்கிராஃப்ட் அட்வென்ச்சர்ஸ். பிளிசார்ட் என்ற அமெரிக்கக் கேம் கம்பெனி 1998 மே மாதம் கைவிட்ட சாகசக் கேம், கிட்டத்தட்ட முடிந்திருந்தது. 2016இல் ரஷ்யப் பக்கமிருந்து கசிந்தது. பிளிசார்ட் நீக்கச் சொல்லி நோட்டீஸ் அனுப்பியது. இறக்கியவர்கள் இறக்கிவிட்டார்கள், மற்றவர்களுக்கு இணைப்பு செத்துவிட்டது. பாதுகாப்பு என்ற கோணத்தில் பார்த்தால் அந்தக் கேம் தப்பித்துவிட்டது. கசியவிட்டவர் இடத்தில் நீங்கள் இருக்க விரும்புவீர்களா என்பது தனிக் கேள்வி. எனக்குத் தைரியமில்லை.

அந்த மாதிரி கேமுக்குத்தான் அருங்காட்சியகம். 1990 செப்டம்பரில், பின்னாளில் டூம் கேமைச் செய்த ஐடி சாஃப்ட்வேர் கம்பெனி ஆகப்போகும் சில இளைஞர்கள் அமெரிக்காவின் லூசியானாவில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பிசியில் திரையை வழுவழுவென்று நகர்த்தும் வித்தையை அவர்களில் ஒருவரான ஜான் கார்மாக் கண்டுபிடித்திருந்தார். அதைக் காட்டுவதற்காக சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3இன் பிசி வடிவத்துக்கு ஒரு முன்மாதிரி செய்து நின்டெண்டோவுக்கு அனுப்பினார்கள். தன் கேம் பிசியில் வருவதில் நின்டெண்டோவுக்கு விருப்பமில்லை. அந்த வித்தை அதே வருட டிசம்பரில் கமாண்டர் கீன் என்ற அவர்களுடைய சொந்தக் கேமாக வந்தது. மரியோ முன்மாதிரியை 2015இல் அந்தக் குழுவின் ஜான் ரொமேரோ ஒரு வீடியோவில் காட்டினார், அவ்வளவுதான். 2021இல் அதன் ஃப்ளாப்பி ஒன்று நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் உள்ள ஸ்ட்ராங் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. கொடுத்தவர் அதை உருவாக்கியவர்களில் ஒருவர் இல்லை, வேலை நிமித்தமாகத் தன் கைக்கு வந்த டிஸ்க்கை வைத்திருந்த ஒரு கேம் டெவலப்பர். அருங்காட்சியகம் அதைப் படித்தெடுத்துப் பத்திரப்படுத்திவிட்டது. எல்லோரும் இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் போடவில்லை.

இதில் நல்லதும் கெட்டதும் ஒன்றேதான். பூட்டி வைக்கிறார்கள். நின்டெண்டோ பெயர் உள்ள பொருளை வேறு எங்கே கொடுத்தாலும் கொடுத்தவருக்குத் தூக்கம் போயிருக்கும். இங்கே போகவில்லை. டிஸ்க்குக்குக் குளிர்ந்த உலர்ந்த அறை, பட்டியல் எண், படித்தெடுக்கத் தெரிந்த ஆள் எல்லாம் கிடைத்தது. பிரிட்டனில் 2014இல் திருத்திய சட்டம் நூலகங்களுடன் அருங்காட்சியகங்களும் பாதுகாப்புப் பிரதி எடுக்க இடம் தருகிறது, அந்தச் சலுகை வீட்டிலிருக்கும் தனி ஆளுக்கு இல்லை. கேம்பிரிட்ஜில் சென்டர் ஃபார் கம்ப்யூட்டிங் ஹிஸ்டரி, ஷெஃபீல்டில் நேஷனல் வீடியோகேம் மியூசியம், பெர்லினில் கம்ப்யூட்டர்ஷ்பீலெமுசியம் என்று ஐரோப்பாவிலும் இடங்கள் உண்டு.

ஆனால் ஆட நினைப்பவர் நேரில் போக வேண்டும். நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் வெளிச்சந்தையில் இல்லாத பழைய கேம்களைத் தொலைவிலிருக்கும் ஆய்வாளருக்கு இணையம் வழியாகத் திறந்துகாட்ட அனுமதி வேண்டும் என்று அமெரிக்காவில் கேட்டுப் பார்த்தார்கள். 2024 அக்டோபரில் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. ராச்செஸ்டருக்கு டிக்கெட் எடுப்பவர் எத்தனை பேர்? இன்னொரு நடைமுறைச் சிக்கல், வரிசை. பெட்டி உள்ளே போனதும் படிக்கப்படும் என்று நினைக்கக் கூடாது, அவர்களிடம் ஏற்கெனவே ஆயிரம் பெட்டிகள் காத்திருக்கும். கொடுக்கும்போதே எப்போது படித்தெடுப்பீர்கள், எனக்கு ஒரு நகல் தருவீர்களா, உரிமையாளர் ஒப்புக்கொண்டால் வெளியிடுவீர்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேட்பதில் தப்பில்லை. நல்ல அருங்காட்சியகம் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படாது.

மூன்றாவது வழி, உரிமையாளர் மனம் வைத்து முறைப்படி வெளியிடுவது. நடந்தால் இதைவிட நல்லது இல்லை. சிஸ்டம் 3 கம்பெனியின் புட்டி ஸ்க்வாட் என்ற கேம் கமடோரின் அமிகா கம்ப்யூட்டருக்கு முடிந்திருந்தது, 1994இல் பத்திரிகைகளில் விமர்சனம்கூட வந்தது. அந்த வருடம் ஏப்ரலில் கமடோர் திவாலானது, அமிகா சந்தை சரிந்தது, கேம் அலமாரிக்குப் போய்விட்டது. 2013 கிறிஸ்துமஸுக்கு சிஸ்டம் 3 அதை இலவசமாகக் கொடுத்தது. பத்தொன்பது வருடம் கழித்து! கம்பெனியும் உரிமையும் அதே கையில் இருந்ததால் இது முடிந்தது. மெக்னர் கல்லூரிக் காலத்தில் ஆப்பிள் 2க்கு எழுதிப் புரோடர்பண்டு என்ற பதிப்பாளருக்கு அனுப்பி, வெளிவராமல் போன டெத்பவுன்ஸும் இப்படித்தான். அவருடைய கராத்தேகா கேம் உருவான விதத்தை விளக்க டிஜிட்டல் எக்லிப்ஸ் கம்பெனி 2023இல் செய்த தொகுப்பில், அந்தக் காலத்து வரைவுகளோடு ஆடும்படி சேர்த்தார்கள். மெக்னர் டிஸ்க்குகளோடு கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் வைத்திருந்தார். எந்த வரைவு எந்த மாதத்தது, பதிப்பாளர் என்ன சொன்னார் என்பதெல்லாம் தாளில் இருந்தது. பெட்டியில் கிடக்கும் கடிதத்தை, ஃபேக்ஸை, கசங்கிய வரைபடத்தைக் குப்பை என்று ஒதுக்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

நடக்காவிட்டால்? பெரும்பாலும் நடக்காது. எண்பதுகளின் கம்பெனி இன்னொன்றுக்கு விற்கப்பட்டு, அது மூன்றாவதோடு சேர்ந்து, கடைசியில் யாரிடம் உரிமை என்று அவர்களுக்கே தெரியாது. சினிமாவையோ டிவி தொடரையோ வைத்துச் செய்த கேம் என்றால் இரண்டு உரிமையாளர்கள், இரண்டு வக்கீல்கள். அதோடு, கேட்பதில் ஒரு ஆபத்தும் உண்டு. கேட்காதவரை பதில் இல்லை. கேட்டால் பொறுப்பில் இருப்பவருக்குச் சுலபமான பதில் ‘வேண்டாம்’. அந்த ‘வேண்டாம்’ கடிதமாக வந்தபின் அருங்காட்சியகம்கூடத் தயங்கும். அதனால் என் ஆலோசனை: டிஸ்க் பத்திரமான இடத்துக்குப் போனபின் கேளுங்கள். கேமை எழுதியவர் நீங்களே என்றால் பழைய ஒப்பந்தத் தாளை முதலில் தேடிப் படியுங்கள். உரிமையை எழுதிக் கொடுத்தீர்களா இல்லையா என்பது உங்கள் நினைவைவிட அந்தத் தாளுக்கு நன்றாகத் தெரியும்.

விற்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஆசையில்லை. பணத் தேவை யாருக்கும் வரும், அதைக் குறை சொல்ல நான் யார்? நின்டெண்டோவும் சோனியும் சேர்ந்து செய்யத் தொடங்கிக் கைவிட்ட பிளேஸ்டேஷனின் முன்மாதிரி ஒன்று 2020இல் ஏலத்தில் 3,60,000 டாலருக்குப் போனது. அது மெஷின், கேம் அல்ல. ஒரு ஸ்பெக்ட்ரம் கேசட்டுக்கு யாரும் அதில் நூறில் ஒரு பங்குகூடத் தரமாட்டார்கள். சேகரிப்பாளர்களில் தாராள மனசுக்காரர்களும் உண்டு, நகல் வெளியே போனால் விலை இறங்கிவிடும் என்று பொத்தி வைப்பவர்களும் உண்டு. வாங்குபவர் எந்த ரகம் என்று முன்கூட்டித் தெரியாது. விற்றுத்தான் ஆக வேண்டும் என்றால் நகல் எடுத்தபின் விற்கிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லி விற்பது நேர்மை.

டிஸ்க்கே இல்லாத கேமும் உண்டு. அதற்குத் தேர்வு இன்னும் சுலபம், ஏனென்றால் காப்பாற்ற மிச்சமிருப்பது பேச்சும் தாளும் மட்டும். லிவர்பூலின் இமேஜின் சாஃப்ட்வேர் 1984இல் ‘மெகாகேம்’ என்று இரண்டுக்கு விளம்பரம் செய்தது: பேண்டர்ஸ்நாட்ச், சைக்ளாப்ஸ். மெஷினின் பின்னால் தனியாக ஒரு வன்பொருளைச் செருகி ஆட வேண்டியவை. அந்த நேரத்தில் பிபிசி ஒரு வெற்றிக் கதையைப் படமெடுக்கலாம் என்று அங்கே கேமராவோடு போயிருந்தது. ஜூலையில் கம்பெனி திவால். ஜப்தி செய்ய ஆள் வந்ததையும் அதே கேமரா பிடித்தது. பேண்டர்ஸ்நாட்சின் யோசனை கை மாறி, 1986இல் சிக்னோசிஸ் வெளியிட்ட பிரட்டாகஸ் ஆனது. சைக்ளாப்ஸ் யோசனையைத் தாண்டவேயில்லை. அந்தப் பெயர் மட்டும் பின்னால் சிக்னோசிஸின் ஒரு துணை லேபிளாக வேறு கேம்களின் பெட்டி மேல் ஒட்டிக்கொண்டது. அல்டிமேட் கம்பெனி அண்டர்வுர்ல்ட் என்ற தன் கேமின் முடிவில் ‘மைர் மேர்’ என்று அடுத்த கேமின் பெயரைக் காட்டி ஆசை காட்டியது. நாற்பது வருடமாகியும் வரவில்லை. இவற்றையெல்லாம் தேடி யாரும் பரணில் ஏற வேண்டாம். அங்கே வேலை பார்த்தவர்களிடம் உட்கார்ந்து பேசினால் போதும். கமடோர் 64இன் வெளிவராத கேம்களைத் தேடும் பணியை 1999இல் தொடங்கிய ஃபிராங்க் காஸ்கிங் இத்தனை வருடமாகச் செய்துவருவதில் பெரும்பகுதி இதுதான்: ஆளைக் கண்டுபிடித்து, பொறுமையாகக் கேட்டு, எழுதி வைப்பது.

முடிவாக எந்தப் பெட்டிக்கு எந்த வழி? என் கணக்கு இது. கேமில் இருப்பது இன்றும் பணம் பார்க்கும் பெயர் என்றால், அதாவது நின்டெண்டோ, பிளிசார்ட், பெரிய சினிமாப் பெயர் என்றால், அருங்காட்சியகம்தான், வேறு யோசனை வேண்டாம். கம்பெனி செத்துப்போய், எழுதியவர் உயிரோடு இருந்து, அவர் சம்மதித்தால், வடிகட்டிய நகலை இணையக் காப்பகத்தில் போட்டுவிடலாம், அசல் டிஸ்க் அருங்காட்சியகத்துக்கு. உரிமை இன்னும் ஒரே கையில் இருக்கிறது, அந்தக் கை எட்டும் தூரத்தில் இருக்கிறது என்றால் மட்டும் முறையான வெளியீட்டுக்குக் காத்திருங்கள், அதுவும் எத்தனை வருடம் என்று மனதுக்குள் ஒரு தேதி வைத்துக்கொண்டு. எழுதியவர் இறந்துவிட்டார், வாரிசுக்கு எதுவும் தெரியாது என்றால் முழுப் பெட்டியும், தாளோடு சேர்த்து, பிரிக்காமல் அருங்காட்சியகத்துக்கு. எந்த டிஸ்க்குக்குப் பக்கத்தில் எந்தக் கடிதம் இருந்தது என்பதுகூட அங்கே ஒருவருக்கு உதவும், அதனால் எடுப்பதற்கு முன் பெட்டியை அப்படியே போனில் ஒரு படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

எழுதியவர் உங்கள் வீட்டிலேயே, உங்கள் அப்பாவாகவோ மாமாவாகவோ இருந்தால், நகல் எடுக்கும் நாளில் அவரைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். ஒரு டிஸ்க்கைப் படிக்கச் சில நிமிடம் ஆகும், டிரைவ் கடகடவென்று ஒலிக்கும், செய்வதற்கு வேறு வேலை இருக்காது. ஃபைனல் என்று எழுதிய டிஸ்க்குக்கு அப்புறம் ஃபைனல் 2 எதற்கு வந்தது என்று கேளுங்கள். கேட்பதற்கு முன் போனில் ரெக்கார்டரை ஆன் செய்துவிடுங்கள்.